ஆட்டிசம் மதிப்பீட்டுக்குப் பெரா ரிப்போர்ட் இல்லாமல் கிளம்பாதீர்கள்

"ஆம்பளப் பிள்ள, பேச நேரமெடுக்கும் மக்களே. மூணு வயசு முடியட்டும்" என்று ஒரு டாக்டர் எங்களை அனுப்பிவைத்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மகனுக்கு அப்போது இரண்டு வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்விகள் இருக்கின்றன. பெற்றோர் ஆமா, இல்ல என்று பதில் சொன்னால் போதும். அதையாவது கேட்டிருக்கலாம். யார் பொறுக்கச் சொன்னாலும் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆட்டிசம் மதிப்பீட்டுக்குப் போன இடத்தில், பெரா என்ற செவித்திறன் பரிசோதனையின் ரிப்போர்ட் எங்கே என்றார்கள். காது கேட்கிறதா என்று முதலில் உறுதி செய்வது நியாயம்தான். போனில் நேரம் கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி ஒரு நாளைத் தொலைத்திருக்க வேண்டாம்.

பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். பிந்திப் படுக்கவைத்து, விடியும் முன் எழுப்பிக் கூட்டிப் போனோம். தக்கலை தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டான். நாகர்கோவிலில் எங்கள் முறை வந்தபோது முழித்து ஒரே அழுகை. மறுமுறை மாமி கூட வந்து வழி முழுக்கப் பேச்சுக் கொடுத்து முழிக்கவைத்ததால்தான் பரிசோதனை முடிந்தது. தூரத்திலிருந்து போகிறவர்கள் துணைக்கு ஒருத்தரைக் கூட்டிப் போங்கள்.

மதிப்பீடு நன்றாகவே நடந்தது. சைக்காலஜிஸ்ட் மேடம் தரையில் உட்கார்ந்து, இறுக்கி மூடிய டப்பாவில் பிஸ்கட் போட்டுக் கொடுத்தார். அவன் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டைப் பிடித்து மூடிமேல் கொண்டு வைத்தான். "வீட்லயும் இப்படித்தானா?" என்றார். அவன் சிரட்டையைக் கவிழ்த்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும் வீடியோவைக் காட்டினேன். கடைசி வரை பார்த்தார். அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ ஆட்டிசத்தைக் காட்டாது, நடத்தையை வைத்துத்தான் சொல்ல முடியும். பிள்ளை சாப்பிடுவதையும் மற்ற பிள்ளைகள் நடுவில் இருப்பதையும் போனில் எடுத்து வையுங்கள்.

மகனுக்கு மூன்று வயது முடிந்திருந்ததால் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற ஆட்டிச அளவுகோலைப் போட்டார்கள். 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. அவனுக்கு அதைத் தாண்டியது. ரிப்போர்ட்டில் மதிப்பெண்ணும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகத் தெரபியைத் தள்ளிப்போட வேண்டாம். நாங்கள் அந்த வாரமே ஸ்பீச் தெரபியில் சேர்த்துவிட்டோம்.