“இந்தக் கூத்தெல்லாம் இங்கே கிடையாது”

அமெரிக்காவில் டென்னசி மாநிலச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது: பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பாலின மாற்றத்துக்கான மருந்து கூடாது. சேலத்தில் தட்டுவடை செட் தின்றபடி அதைப் பற்றித்தான் விவாதம். “நம் ஊரில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது” என்றார் சித்தப்பா, உதட்டோரம் பீட்ரூட் துருவல் ஒட்டியிருக்க.

கிடையாதாம்! உடலமைப்பில் ஆணா பெண்ணா என்று தெளிவாகப் பிரியாத இடைப்பாலினக் குழந்தை பிறந்தால், சொந்தபந்தம் தொட்டிலை எட்டிப் பார்ப்பதற்குள் ஆணென்றோ பெண்ணென்றோ அறுத்துத் தைத்துவிடும் வழக்கம் இங்கேயும் இருந்ததே. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பை அடுத்து 2019இல்தான், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, தமிழக அரசு அதைத் தடை செய்தது.

வளரும் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதில் நிதானம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வாய்திறந்து கேட்கிறது. சிசுவிடம் யார் கேட்டார்கள்? சித்தப்பாவிடமே கேட்டேன். “அது வைத்தியமப்பா” என்றார்.