தென்னந்தூருக்குள் கிடந்த புழு

அம்பாசமுத்திரம் பக்கத்துத் தோப்பில் மட்கிக் கிடந்த தென்னந்தூரைப் பிளந்தால், கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள். "ஏ, கூன்வண்டுலா இது! மத்த மரமும் போச்சு" என்று சித்தப்பா பதறினார்.

"காலைப் பாருங்க சித்தப்பா" என்றேன்.

சிவப்புக் கூன்வண்டின் புழுவுக்குக் கால் கிடையாது. உயிரோடு நிற்கிற மரத்தைத்தான் அது குடையும். இதற்கோ செம்பழுப்புத் தலை, அதை ஒட்டி மூன்று ஜோடிக் கால்கள், சுருண்ட உடம்பு. வால்பக்கத் தோலுக்குள் தின்ற மக்கு கருப்பாகத் தெரிகிறது. காண்டாமிருக வண்டேதான்.

பாபநாசம் மலைப்பக்கம் மட்கிய காட்டுமரத்தில் பார்த்தால் இவ்வளவு சட்டென்று சொல்ல மாட்டேன். மான்கொம்பு வண்டின் புழுவும் ஏறக்குறைய இதே உருவம். அதன் ஆசனவாய்ப் பிளவு நெடுக்காக இருக்கும், காண்டாமிருக வண்டுக்குக் குறுக்காக. (புழுவின் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பவனை ஊர் என்ன நினைக்கும் என்பது வேறு விஷயம்.)

இந்தப் புழு மக்கியதை மட்டுமே தின்னும். வண்டான பிறகுதான் வினை: குருத்தைக் குடையும், ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியது போல இருக்கும். அதனால் தூரை அப்புறப்படுத்தியாச்சு. எருக்குழியிலும் இது முட்டையிடும். அங்கே மெட்டாரைசியம் பூஞ்சை கலந்துவிட்டால் புழு நோய் கண்டு சாகும். எருக்குழி வைத்திருக்கிறவர்கள் ஒருதரம் கிளறிப் பாருங்கள்.