கோதுமை ஆகாதவர்களுக்கு மளிகை வாங்கும்போது

முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா, அதாவது கோதுமை மாவு, கலந்திருக்கும். அரிசி மாவு சேர்த்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ராகி சேமியா பலவற்றில் கோதுமை மாவும் இருக்கிறது. பார்லி மால்ட் போட்ட சத்துபானம், கோதுமை சேர்த்த சாதாரண சோயா சாஸ் வேண்டாம். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்டிருந்தால், கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி.

‘குளூட்டன் ஃப்ரீ’ பாக்கெட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கத்தான் வேண்டுமா? நம்ம வேலூர் லாங் பஜாரில் கேழ்வரகு, கம்பு, சாமை எல்லாம் இருக்கே! முழு தானியமாக வாங்கி, கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று தட்டில் பரப்பிப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரையுங்கள். மாவு மில்லுக்குத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். முன்னால் அரைத்தவரின் கோதுமை மாவு இயந்திரத்தில் தங்கி உங்கள் மாவில் சேர்ந்துவிடும். சீலியாக் (குளூட்டனால் குடல் பாதிக்கும் நோய்) உள்ள பிள்ளைக்கு அந்தக் கொஞ்சமே குடலைப் பாதிக்கும்.