கும்பகோணத்தில் இருந்து வாஷிங்டனுக்கு ஒரு தோள்பட்டை வழக்கு

மகளின் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போகிற அம்மாக்களுக்கு அங்கே ஒரு ஊசி காத்திருக்கும். பிறக்கப்போகும் குழந்தைக்குக் கக்குவான் இருமல் தொற்றிவிடக் கூடாது என்று பாட்டி தாத்தாவையும் டிடேப் என்ற தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். நல்ல காரியம்தான். நானும் போட்டுக்கொண்டேன், இன்னொரு தடவை சொன்னாலும் போட்டுக்கொள்வேன். ஆனால் அந்த ஊசியில் என் இடது தோள் மாதக்கணக்கில் பூட்டிக்கொண்டது. அதற்கான இழப்பீட்டைக் கும்பகோணத்தில் இருந்தபடியே வாங்கினேன். விசிட்டர் விசாவில் போனவளுக்கு யார் கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இந்த இழப்பீட்டைக் கொடுக்கிற அமெரிக்கச் சட்டமோ ஊசி அமெரிக்காவில் போடப்பட்டதா என்றுதான் பார்க்கிறது, குடியுரிமையைக் கேட்பதில்லை.

ஒரு மருந்துக்கடையில் போட்டார்கள். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தேன், கை மேலே ஏறவில்லை. அந்தப் பெண் கழுத்துப் பக்கமாகத் துணியை இழுத்து இறக்கி, தோள் எலும்பை ஒட்டினாற்போலக் குத்திவிட்டாள். எலும்பு முனையில் இருந்து இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, சதையில் போட வேண்டிய ஊசி அது. மேலே ஏறிப் போய்விட்டால் மருந்து சதையில் இறங்காமல் மூட்டை ஒட்டியிருக்கும் பையில் இறங்கி அழற்சியைக் கிளப்பிவிடும் என்பது பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று ராத்திரியே கையைத் தூக்க முடியவில்லை. திருவையாற்றில் இருக்கும் தங்கைக்கு வாட்ஸப்பில், "ஊசி போட்ட கை கல்லா கனக்குதுடி, ரவிக்கை கழட்டவே பொண்ணு வேணும்போல இருக்கு" என்று அனுப்பினேன். இந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு வேலை செய்தது என்று சொல்கிறேன்.

குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத்தான் நான் போனதே. அதை மாப்பிள்ளையின் அம்மா வந்து செய்ய வேண்டியதாயிற்று. பயணக் காப்பீட்டை நம்பி அங்கே டாக்டரிடம் போகப் பயம், மாத்திரையிலேயே ஓட்டிவிட்டு ஊர் திரும்பினேன்.

இங்கே எலும்பு டாக்டர் கையைப் பின்னால் மடக்கச் சொன்னார். இடுப்புக்கு மேல் போகவில்லை. "டீச்சர், உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. சர்க்கரைக்காரங்களுக்குத் தோள் இறுகுறது சகஜம்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஊசியைப் பற்றி நான் சொன்னதை அவர் எழுதவில்லை. அடுத்த தடவை போனபோது, "அமெரிக்காவில் தடுப்பூசி போட்ட அன்றிலிருந்து வலி" என்று எழுதினார். தஞ்சாவூரில் எடுத்த ஸ்கேனில் மூட்டுப்பையில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. பிசியோதெரபி நடந்துகொண்டே இருந்தது.

இழப்பீட்டுத் திட்டத்தைக் கண்டுபிடித்தது மாப்பிள்ளை. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டம் அது. தடுப்பூசியில் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி பிடித்து ஒரு நிதியில் போடுகிறார்கள். என் ஊசி மூன்று நோய்க்கானது, ஆக 2.25 டாலர். பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த நிதியிலிருந்துதான் கொடுக்கிறார்கள். ஊசி போட்ட பெண்ணையோ கடையையோ கம்பெனியையோ யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. யார் தப்பு என்ற கேள்வியே அங்கே கிடையாது. மனு போவது வாஷிங்டனில் இருக்கும் கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கு. எதிர்த்தரப்பு அரசின் சுகாதாரத் துறை. ஜூரி இல்லை, ஸ்பெஷல் மாஸ்டர் என்ற அதிகாரி முடிவு செய்கிறார். எனக்குப் பெரிய நிம்மதி வக்கீல் சம்பளம். அதையும் அந்த நிதியே தனியாகக் கொடுத்துவிடுகிறது, நமக்கு வருவதில் வக்கீல் பங்கு கேட்கக் கூடாது. நியாயமான அடிப்படையோடு போட்ட வழக்கு என்றால் தோற்றாலும் அவருக்குச் சம்பளம் உண்டு. நம் ஊர் வக்கீல் ஒருவரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

ஊசியால் வரும் தோள் காயத்துக்கு அங்கே சிர்வா என்று பெயர். 2017 முதல் அது திட்டத்தின் அட்டவணையிலேயே, அதாவது நிபந்தனைகள் பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளும் பட்டியலிலேயே, இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். அந்தத் தோளில் முன்பு தொந்தரவு இருந்திருக்கக் கூடாது, இந்த வலிக்கு வேறு நோயும் காரணமாகத் தெரியக் கூடாது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முதல் அறிகுறியில் இருந்து மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

எங்களுக்கு இடித்தது இரண்டு இடத்தில். ஒன்று, முதல் சீட்டில் ஊசி என்ற பேச்சே இல்லை. இரண்டு, சர்க்கரை. அரசுத் தரப்பு இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சர்க்கரைக்காரருக்குத் தானாகவே தோள் இறுகும் என்று உங்கள் டாக்டரே எழுதியிருக்கிறாரே என்றார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

முதல் சிக்கலுக்குச் சட்டத்திலேயே வழி இருந்தது. வலி தொடங்கிய நேரம் மருத்துவக் குறிப்பில் பதிவாகாமல் போனாலும், தவறாகப் பதிவாகியிருந்தாலும் மற்ற சான்றுகளை வைத்து ஸ்பெஷல் மாஸ்டர் முடிவு செய்யலாம். ஆனால் மருத்துவக் குறிப்போ மருத்துவர் கருத்தோ இல்லாமல் மனுதாரரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்துக் கொடுக்க முடியாது. டாக்டரின் இரண்டாவது சீட்டு, ஸ்கேன், மகளின் வாக்குமூலம், தங்கைக்கு அனுப்பிய அந்த வாட்ஸப் வரி எல்லாம் சேர்ந்து நின்றன. அதில் தேதியும் மணியும் இருந்தனவே. சும்மா புலம்பி அனுப்பிய செய்தியை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தோம். 'ரவிக்கை கழட்ட' என்பதற்கு மகள் ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டியிருந்தது! ஊசி போட்ட கடையின் பதிவேட்டில் இடது கை என்று சரியாகவே இருந்தது. சில வழக்குகளில் அதிலேயே கை மாறிப்போய்ப் பெரிய தகராறு ஆகிறதாம்.

சர்க்கரைக்கு எலும்பு டாக்டர்தான் கை கொடுத்தார். நான் வற்புறுத்தவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். சர்க்கரையால் இறுகும் தோள் பொதுவாக மெள்ள மெள்ளத்தான் இறுகும், இது ஒரே ராத்திரியில், ஊசி போட்ட கையில் தொடங்கியிருக்கிறது என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார். என் பழைய சர்க்கரை நோட்டு முழுக்க ஸ்கேன் செய்து அனுப்பினோம், அதில் எங்கேயும் தோள் வலி என்று ஒரு சொல் இல்லை.

வாக்குமூலத்துக்கு முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரியிடம் போகக் கிளம்பிவிட்டேன். அதெல்லாம் வேண்டாம் என்று எங்கள் அமெரிக்க வக்கீலம்மா சொல்லிவிட்டார். அமெரிக்கச் சட்டப்படி, பொய் என்றால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று ஒரு வாக்கியம், தேதி, கையெழுத்து இருந்தால் போதும். எதெல்லாம் செய்ய முடியவில்லை என்று எழுதச் சொன்னார். கொண்டை போட முடியாதது, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாதது, சாமி மாடத்தில் விளக்கை ஏற்றிவைக்க வலது கையாலேயே எக்கினது என்று எழுதினேன். வலிக்கும் வேதனைக்கும் சட்டம் வைத்த உச்சவரம்பு 2,50,000 டாலர். அறுவை சிகிச்சை இல்லாத தோள் வழக்குகள் பலவற்றில் ஒரு லட்சம் டாலருக்குக் கீழேதான் கிடைக்கிறது. என்னுடையது சமரசத்தில் முடிந்தது, தொகையை இங்கே போடப் போவதில்லை.

எல்லாம் மெதுவாகத்தான் நகர்ந்தது. இங்கே குறுவை, சம்பா, தாளடி என்று வயல் மாறிக்கொண்டே இருந்தது, அங்கே அறிக்கைக்கு அவகாசம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பணம் வந்தபோது, இது எதற்கான பணம் என்று பேங்கில் கேட்ட கேள்விக்குத் தீர்ப்பின் நகலைக் காட்ட வேண்டியிருந்தது.

கொரோனா ஊசி இந்தத் திட்டத்தில் வராது. அதற்கு வேறு திட்டம், ஒரே வருடக் கெடு, வலிக்குக் காசு கிடையாது, வக்கீல் சம்பளமும் கிடையாது.

எதிர்வீட்டுத் தம்பி பாத்திரப் பட்டறையில் வேலை பார்க்கிறான். தகடு கிழித்து, தனியார் கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டதில் அவனுக்கும் தோள் இறுகிவிட்டது. "டீச்சர், எனக்கும் கிடைக்குமா?" என்றான். இங்கே அந்த 75 சென்ட் நிதி மாதிரி ஒன்று கிடையாது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் பக்கவிளைவு என்று பதிவு செய்வார்கள், காசு வராது. காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட ஊசி என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இலவசமாகப் போடுகிற அரசு ஆஸ்பத்திரி ஊசி என்றால் அந்த வழியும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. ஆனால் இங்கே கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும், அதற்கு இன்னொரு டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் மலை. எதற்கும் ஊசி போட்ட தேதியையும் வலி தொடங்கிய தேதியையும் டாக்டர் சீட்டில் எழுதி வாங்கிவிடு என்றேன். கிளினிக்கில் அவனுக்குப் பில்லே கொடுக்கவில்லையாம். முதலில் அதைக் கேட்டு வாங்கப் போயிருக்கிறான்.