முட்டிவலி
காலையில் தியானத்துக்கு உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இடது முட்டியில் வலி வந்துவிட்டது.

முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, மணி எப்போது அடிக்கும் என்று காத்திருப்பேன். இன்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வலி என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, உள்ளே போனால் ஒரு சூடு, ஓர் இழுப்பு, நடுவில் சுருக்கென்று ஒரு குத்து, அது நின்றதும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. "ஐயோ, மூட்டு தேய்ந்துபோச்சோ" என்ற பயம் மட்டும் தனி. அது முட்டியிலேயே இல்லை!

நான் கற்றுக்கொண்ட விபாசனா தியானத்தின் பத்து நாள் முகாமில் முதல் மூன்று நாளும் மூக்கருகே மூச்சைக் கவனிப்பதோடு சரி. நான்காம் நாளிலிருந்துதான் உடம்பு முழுக்க உணர்ச்சிகளைப் பார்க்கச் சொல்வார்கள், அப்புறம் தினமும் மூன்று முறை, முறைக்கு ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்கார வேண்டும். ஏதோ பெரிதாகத் திறக்கப்போகிறது என்று போனவனுக்கு முதுகுவலிதான் கிடைத்தது.

இந்த முகாம்களைத் தொடங்கிய ஆசிரியர் கோயங்காவுக்கு இதைக் கற்றுத்தந்த ஊ பா கின் துறவி இல்லை, குடும்பஸ்தர். 1948இல் சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்கு அதிகாரி ஆனவர், அலுவலக ஊழியர்களுக்கும் தியானம் சொல்லித்தந்தார். கோப்புகளுக்கு நடுவே அவரால் முடிந்திருக்கிறது, நேரமில்லை என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

இத்தனை வருஷத்தில் என்னதான் கிடைத்தது என்று கேட்கிறார்கள். ஒளிவட்டமெல்லாம் இல்லை. கோபம் இப்போதும் வருகிறது, ஆனால் வார்த்தை வருவதற்கு முன்னால் காதுமடல் சூடாவது தெரிந்துவிடுகிறது. பாதி நேரம் அதற்குள் வாயை மூடிக்கொள்கிறேன்.

மீதி நேரத்தைப் பற்றி வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.