ஹோல் உறுதி, குசினி பேர்மிட்

வவுனியா வைரவபுளியங்குளத்தில் காணி விலையைப் பரப்பளவுக்கு, பேர்ச் கணக்கில் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். டொக்டர் வீட்டிலிருந்து எத்தனை மதில் தள்ளி என்பதுதான் அங்கே கணக்கு. ஒரு மதில் தள்ளியென்றால் ஒரு விலை, மூன்று மதில் தள்ளியென்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். டொக்டர் வீட்டு மா மரத்துக் கொப்பு நம் பக்கம் எட்டிப் பார்த்தால் அதற்கும் சேர்த்துத்தான் விலை.

எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்த புரோக்கர் அண்ணை இதில் பழுத்த ஆள். "தம்பி, இந்தப் பக்கம் டொக்டர், அந்தப் பக்கம் எஞ்சினியர், முன்னுக்கு ரியூசன். இனி என்ன வேணும்?" என்றார். அந்த நேரம் பார்த்து ரியூசன் விட்டது. சைக்கிள், ஸ்கூட்டி, பிள்ளை ஏற்ற வந்த அப்பாமாரின் மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்ந்து ஒழுங்கையை அடைத்ததில், பார்க்கப் போன வீட்டின் கேற்றை வெளியே தள்ளித் திறக்க முடியவில்லை. "பாத்தியளோ, எந்த நேரமும் ஆள்நடமாட்டம். கள்ளன் வரமாட்டான்" என்றார் அண்ணை. கள்ளன் வந்தாலும் அவனுக்கும் பார்க்கிங் கிடைக்காதுதான்.

நாங்கள் கூமாங்குளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மனைவிக்கு ரவுணுக்குள் பள்ளிக்கூடம். எனக்குக் கிளிநொச்சியில் கந்தோர், தினமும் ஏ9 வீதியில் ஓட்டம். என்னைப் போல ஒரு பெரிய கூட்டமே காலையில் இங்கே பஸ் ஏறிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று போய் இரவில்தான் திரும்பும். வேலை எங்கே இருந்தாலும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் ரியூசனும் ஆஸ்பத்திரியும் ரயிலும் வவுனியாவில்தானே. அப்பாவுக்குத்தான் இது விளங்குவதில்லை. தொண்ணூறுகளில், யுத்த நேரம், இந்த ஊரில் தங்குவதற்கே பாஸ் எடுத்து, அது முடிய முதல் புதுப்பிக்க வரிசையில் நின்றவர். "சும்மா நிக்கவே விடாத இடத்தில கோடி குடுத்து வீடு வாங்கப் போறியோ?" என்று கேட்பார்.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம்.

வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடு. கேற்றுத் தூணில் ஆளுக்கொரு சிங்கம். உள்ளே ஐந்து அறை, அறைக்கொரு பாத்ரூம், ஆனால் உடுப்புக் காயப்போட ஒரு கொடி கட்ட இடமில்லை. கடையிலிருந்து சுற்றிவந்த பொலித்தீனைச் சோபாவில் இன்னும் கழற்றவில்லை. நான் இருந்துவிட்டு எழும்ப, அதுவும் சறசறவென்று என்னோடு சேர்ந்து எழும்பியது. சொந்தக்காரர் கனடாவில். அவருடைய சித்தி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனா. பின்னாலேயே நாங்களும் போனோம். கேத்திலின் உட்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் படை. "குளிக்க நல்ல தண்ணி, மோனை. குடிக்கிறதுக்குக் கான்ல வாங்கிறம்" என்றா. குசினித் தாழ்வாரத்தில் பாயும் தலையணையும் கிடந்தன. ஐந்து அறை இருக்க ஏன் அம்மா இங்கே படுக்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். அம்மா சிரித்ததோடு சரி.

கனடா அண்ணை விலை பேச எடுக்கும் நேரம்தான் பிரச்சினை. அங்கே இரவுச் சாப்பாடு முடிந்து அவர் கதிரையில் சாயும் நேரம், இங்கே நான் கிளிநொச்சி பஸ்ஸில் இடம் பிடிக்கும் நேரம். பஸ்ஸில் பாட்டு அலறும், அவர் சொல்வது கேட்காது, ஆகவே ஸ்பீக்கரில் போட்டேன். கொண்டக்டர் உடனே பாட்டைக் குறைத்தார். அது எனக்கான மரியாதை இல்லை, அவருக்கும் விலை கேட்க ஆசை.

தாண்டிக்குளம் தாண்டவில்லை, பஸ்ஸே பேரத்தில் இறங்கிவிட்டது. கனடா அண்ணை கோடியில் தொடங்க, முன்சீற்றிலிருந்து "ஐயோ!" என்று ஒரு சத்தம். "ஆரது?" என்றார் அவர். "பஸ்ஸில ஒரு அக்கா" என்றேன். பக்கத்திலிருந்த ரீச்சர், முத்திரை வரியை மறக்கக்கூடாது என்று விரல் மடித்துக் கணக்குச் சொல்லத் தொடங்கினா. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சம் முழுக்க 4 வீதம், பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கூலி வேறு. பின்சீற்றில் பென்சன் எடுத்த ஐயா ஒருவர், "உந்த விலைக்கு ஆர் வாங்குவான், விட்டுப்போட்டு வேற இடம் பாரும்" என்று அறிவுரை சொன்னார். சொல்லிவிட்டு, எத்தனை பேர்ச், கிணற்றில் கோடையில் தண்ணி நிற்குமா, மாரியில் வெள்ளம் ஏறுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் மேல் நல்ல அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓமந்தையில்தான் குண்டு விழுந்தது. ஐயோ போட்ட அக்கா முன்பு வவுனியாவில் காணிப் பகுதியில் வேலை பார்த்து மாற்றலாகிப் போனவ. வீட்டு அடையாளம் முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, அது முன்பாதிதான் உறுதி, சொந்தக் காணி. பின்பாதி பேர்மிட், அரசாங்கக் காணி" என்றா.

பஸ் அமைதியானது. ஃபோனும்தான்.

"1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்" என்று அக்கா தொடங்கினா. பேர்மிட்டை விற்க முடியாது, தனக்குப் பிறகு ஆருக்கு என்று பின்னுரித்து மட்டும் எழுதலாம். அதை, அரசாங்கம் காணியை நிரந்தரமாகக் கொடுக்கும் அளிப்புப் பத்திரமாக மாற்றி எடுத்தாலும் பிரதேச செயலாளர் எழுத்தில் சம்மதம் தராமல் கை மாறாது. வங்கிக்காரன் கடன் தர முப்பது வருடத்து உரித்தைத் தோண்டுவான், அப்போது எல்லாம் வெளியே வரும். வன்னியில் பாதிக் காணி இப்படித்தான், ஆனால் ஒரே வீட்டுக்குள் எல்லை ஓடுவது கொஞ்சம் அபூர்வம் என்றும் சொன்னா. விறாந்தையும் ஹோலும் அறைகளும் உறுதி. குசினியும் கிணறும் பேர்மிட்.

"அக்காவிட்ட ஃபோனைக் குடுங்கோ" என்றார் கனடா அண்ணை. கொடுத்தேன். புளியங்குளம் வரை சண்டை. கனகராயன்குளத்தில் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம் என்று தெரிய வந்தது. மாங்குளத்தில் பழைய அதிபரைப் பற்றிச் சிரிப்பு. முறிகண்டியில் பஸ் நின்று, எல்லோரும் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சானும் வாங்கி ஏறியபோது, ஃபோன் என் கைக்கு வந்தது. பற்றரி செத்திருந்தது. வீட்டு விலையைப் பற்றி ஏதும் சொன்னாரா என்று அக்காவைக் கேட்டேன். "அதை நாங்கள் கதைக்கேல்ல" என்றா.

அன்றோடு அந்த வீட்டை விட்டோம். புரோக்கர் அண்ணையை விசாரித்தால், "குசினி என்ன குசினி, இப்ப எல்லாரும் கடையில தானே சாப்பிடினம்" என்கிறார்.

போன மாதம் வீடு விலைபோய்விட்டது. வாங்கியவர் வேறு யாருமில்லை, பின்சீற்று ஐயா. நான் விட்ட இடத்திலிருந்து பேரம் பேசி, குசினி இல்லாத வீடு என்று சொல்லிச் சொல்லியே நல்லாகக் குறைத்து வாங்கியிருக்கிறார். உறுதி எழுதிய பிறகுதான் மிச்சக் கதை தெரிந்ததாம். பேர்மிட் சித்தியின் பெயரில். அந்த அம்மா கிளம்புவதாக இல்லை. பேர்மிட் காணியில் ஆள் இருக்க வேணும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவ அதை அட்சரம் பிசகாமல் தாழ்வாரத்தில் பாய் போட்டுக் கடைப்பிடிக்கிறா.

நேற்றுப் பஸ்ஸில் ஐயா என் பக்கத்தில் வந்து இருந்தார். மகளிடம் கொழும்புக்குப் போகிறாராம். வீட்டை வாடகைக்கு விடப் பார்க்கிறார், எங்களுக்கென்றால் குறைத்துத் தருவார், ஆனால் அடுப்பு மூட்டுவதற்கு மட்டும் அம்மாவிடம் தனியாகக் கதைக்க வேணும் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த அம்மா நல்லாச் சமைப்பாவாமோ?" என்று கேட்டாள்.