மேற்கே விடிந்த இரவு

நள்ளிரவு பன்னிரண்டு முதல் நான்கு வரையிலான வாட்ச், அதாவது கப்பலை ஓட்டும் காவல் முறை, இரண்டாம் அலுவலருடையது. கப்பலில் அதை விரும்பிக் கேட்பவர் யாருமில்லை, எனக்குப் பிடிக்கும். கேப்டன் தூங்கிக்கொண்டிருப்பார், எனக்குத் துணை கடலும் ரேடாரும்தான். அப்படியொரு வாட்ச்சில், தென்னாப்பிரிக்காவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள மாகெல்லன் நீரிணையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, மேற்கே விடிவதைப் பார்த்தேன்.

மணி இரண்டு. முன்னால் மேகங்களின் அடிவயிறு வெளுத்திருந்தது. என்னோடு காவலுக்கு நின்ற மாலுமி, "கரை வந்துவிட்டதா, சார்?" என்றார். அர்ஜென்டினாவின் கரை இன்னும் இருநூறு கடல் மைலுக்கு அப்பால் இருந்தது. ரேடாரின் வீச்சைக் கூட்டினேன். திரை அம்மை போட்ட முகம் போல ஆகிவிட்டது. புள்ளிகளை எண்ண ஆரம்பித்து, எழுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

எல்லாம் கணவாய் மீன் பிடிக்கும் கப்பல்கள். அவற்றில் ஒன்று இரண்டு மைல் தொலைவில் கடந்தபோது தொலைநோக்கியில் பார்த்தேன். முன்னணியம் முதல் பின்னணியம் வரை தோரணம் கட்டியதுபோல விளக்குகள், கண் கூசியது. இருபக்கமும் உருளைகள் சுழன்று, தூண்டில் கயிறுகளைச் சுண்டிச் சுண்டி இழுத்தன. வெளிச்சத்துக்கு வரும் கணவாய், கப்பலின் நிழலில் பதுங்கி நின்று, அங்கிருந்து பாய்ந்து போலி இரையைக் கவ்வும். ஒவ்வொரு கயிறும் மேலே வரும்போது வெள்ளையாக ஏதோ துடித்து விழுந்தது. ஆட்கள் யாரும் கண்ணில் படவில்லை. சற்றுத் தள்ளி, இன்னொரு கப்பலோடு ஒட்டி நின்று ஒரு சிறிய டாங்கர் டீசல் ஊட்டிக்கொண்டிருந்தது.

அந்த டாங்கர்தான் என் மனதில் தங்கிவிட்டது. எரிபொருள் கடலிலேயே வருகிறது. பிடித்த கணவாயைக் குளிர்பதனக் கப்பல் கடலிலேயே வாங்கிக்கொண்டு போய்விடும். மாதக்கணக்கில் துறைமுகத்தை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எட்டிப் பார்த்தால்தானே எவராவது பிடித்த கணக்கைக் கேட்பார்?

அவர்கள் நின்ற இடத்தையும் கவனியுங்கள். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்வளம் அந்தந்த நாட்டின் பொறுப்பு. இவர்கள் அந்தக் கோட்டை மோப்பம் பிடித்தபடி அதற்கு வெளியே நின்றார்கள். கணவாய்க்குக் கோடு தெரியாது. அங்கே வாழும் இனத்தின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டுதான், முட்டையிட்டதும் செத்துப்போகும். இந்த ஆண்டு தப்பியவைதான் அடுத்த ஆண்டுக்கான மொத்த முதலும். கோட்டுக்கு உள்ளே அர்ஜென்டினா பருவத்தை மூடலாம். வெளியே மூட யாருமில்லை. அட்லாண்டிக் சூரைக்கு அளவு நிர்ணயிக்கப் பன்னாட்டு ஆணையம் இருக்கிறது. தென்மேற்கு அட்லாண்டிக்கின் இந்தக் கணவாய்க்கு இல்லை. ஃபாக்லாந்து தீவுகள் யாருடையவை என்ற பிரிட்டன் – அர்ஜென்டினா சண்டை அப்படியோர் ஆணையம் அமைவதற்குக் குறுக்கே நிற்கிறது.

பேரிங் கடலின் நடுவிலும் இப்படி ஓர் இடம் உண்டு. சுற்றிலும் அமெரிக்காவின் 200 மைலும் ரஷ்யாவின் 200 மைலும். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத துண்டு. 'டோனட் ஓட்டை' என்று பெயர். 1989இல் அங்கே சுமார் 14 லட்சம் டன் பொல்லாக் மீனை அள்ளினார்கள். மூன்றே ஆண்டுகளில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட அகப்படவில்லை. அதன்பிறகு பேச்சுவார்த்தை மளமளவென்று நடந்தது. 1994இல் ஆறு நாடுகள் ஒப்பந்தம் போட்டன. பிடிப்பதற்கு எதுவும் இல்லாதபோது பிடிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்வதில் என்ன சிரமம்? அந்த மீன்பிடிப்பு அதன்பின் திறக்கப்படவே இல்லை.

இதற்கு நேரெதிர், ஆர்க்டிக்கின் நடுப்பகுதி. ஏறத்தாழ 28 லட்சம் சதுர கிலோமீட்டர் பன்னாட்டுக் கடல். வணிக மீன்பிடிப்பு அங்கே தொடங்கவே இல்லை. பனி உருகுவதைப் பார்த்துவிட்டு ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018இல் கிரீன்லாந்தின் இலுலிசாட்டில் கூடி, முதற்கட்டமாக 16 ஆண்டுகளுக்கு அங்கே வலை வீசுவதில்லை என்று கையெழுத்திட்டன. 2021 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நல்ல வேலை; மனதாரச் சொல்கிறேன். ஆனால் அங்கேயும் யாரும் வருமானம் எதையும் இழக்கவில்லை.

மீன் தீர்ந்த இடத்திலும் கைபடாத இடத்திலும் நாடுகள் ஒத்துப்போகின்றன. தினந்தோறும் பணம் கொட்டுகிற இடத்தில்தான் பேச்சு இழுக்கிறது. அதனால் ரோந்துக் கப்பல்களை விட டீசலுக்குப் பணம் கொடுக்கும் கையைப் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம். உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு விதி, எந்தப் பன்னாட்டு மீன்வள அமைப்பின் அதிகாரத்துக்கும் உட்படாத கடலில் பிடிப்பவர்களுக்கு அரசுகள் மானியம் தரக் கூடாது என்கிறது. ஏற்றுக்கொண்ட நாடுகளில், அந்தக் கணவாய்க் கடலுக்கு அதிகக் கப்பல்களை அனுப்பும் சீனாவும் உண்டு. நான் பார்த்த கூட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. போட்டுக்கொள்கிறார்களா என்பது வேறு.

அன்று நான்கு மணிக்கு, "மீன்பிடிக் கப்பல்கள் ஏராளம், விலகிச் சென்றோம்" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். 'ஏராளம்' என்பது ஒரு எண்ணா என்று காலையில் கேப்டன் கேட்டார். அடுத்த முறை அந்த வழியே போனால் எழுபதோடு நிறுத்த மாட்டேன்.